மூன்று நாள், இரண்டு இரவு, பத்து நிமிடப் பாய்: கொமோடோ படகுப் பயணம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பாய்மரக் கப்பலில் தீவு தீவாக" என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள், அதை நம்பிப் பணம் கட்டினால் ஏமாற்றம்தான். மூன்று நாளில் எங்கள் படகில் பாய் விரித்தது மொத்தம் பத்து நிமிடம். அதுவும் டிரோனில் படம் எடுப்பதற்காக. அந்தப் பத்து நிமிடமும் கீழே டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

திரும்பப் போவாயா என்று கேட்டால் போவேன். அந்தப் படகில் போக மாட்டேன், அந்தக் கைடோடு போவேன். ஏன் என்பதுதான் இந்த விமர்சனம்.

இடம் இந்தோனேசியாவின் கொமோடோ தேசியப் பூங்கா. சும்பாவாவுக்கும் ஃபுளோரஸுக்கும் நடுவில் கிடக்கிற தீவுக்கூட்டம், 1980இல் பூங்காவாக்கினார்கள், 1991இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாலியிலிருந்து ஒரு மணி நேரம் பறந்தால் ஃபுளோரஸின் மேற்கு நுனியில் லபுவான் பாஜோ. லபுவான் என்றால் படகு நிற்கும் துறை, பாஜோ என்பது காலங்காலமாகக் கடலிலேயே வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டம். ஆக, பாஜோக்காரர் துறை. இப்போது அந்தத் துறையில் மீன்பிடிப் படகைத் தேடித்தான் பார்க்க வேண்டும், கண்ணுக்கெட்டிய தூரம் சுற்றுலாப் படகுகள்.

நாங்கள் மூன்று பேர்: நான், மனைவி, அவள் தம்பி. மே மாதக் கடைசியில் போனோம். ஆளுக்கு 35 லட்சம் ரூபியா. பயப்படாதீர்கள், அவர்கள் ரூபியா, நம் காசுக்கு 19,000 ரூபாய்க்குப் பக்கம். பூங்காக் கட்டணம் தனி, அதைப் படகில் ஏறிய பிறகு கையில் பணமாக வாங்கினார்கள். இதை முன்பதிவின்போது ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏடிஎம் ஊரில் இருக்கிறது, நடுக்கடலில் இல்லை. எங்களோடு வந்த ஒரு ஜோடி பக்கத்தில் இருந்தவரிடம் கடன் வாங்கிக் கட்டினார்கள்.

அதைவிடப் பெரிய கூத்து, படமே வேறு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் பளபளவென்று எண்ணெய் பூசிய மரம், மாடியில் சாய்வு மெத்தைகள். துறைக்குப் போனால் "அந்தப் படகுக்குச் சின்ன வேலை இருக்கிறது, இது அதே தரம்தான்" என்று வேறொன்றைக் காட்டினார்கள். அதே தரம் இல்லை. எந்தப் படகு, யார் ஏஜென்ட் என்று நான் எழுதப் போவதில்லை, ஏனென்றால் அங்கே பேசிய மற்ற பயணிகளில் பாதிப் பேர் இதே கதையைச் சொன்னார்கள். படகின் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள், மாறினால் பணம் திரும்ப வரும் என்றும் எழுதி வாங்குங்கள்.

கேபின் கீழ்த்தளத்தில், எஞ்சினுக்குச் சுவர் ஒட்டி. ஏசி உண்டு, ஆனால் ஜெனரேட்டர் ஓடினால்தான் ஏசி, ஜெனரேட்டர் ஓடினால் தூக்கம் இல்லை, நிறுத்தினால் அறை புழுங்குகிறது, எப்படியானாலும் டீசல் வாடை போகாது. முதல் இரவு பதினோரு மணிக்கு நான் தலையணையைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்குப் போய்விட்டேன். அங்கே ஏற்கனவே மச்சினன் படுத்திருந்தான். "நீங்களும் வந்துட்டீங்களா அத்தான்" என்று இடம் விட்டான். அரை மணியில் மனைவியும் வந்துவிட்டாள். ஏசி கேபினுக்கென்று கட்டிய அதிகப்படி காசு முழுக்க வீண். மேல்தளத்தில் மெத்தை போட்டுப் படுக்கும் மலிவான டிக்கெட்டே போதும், காற்று சும்மா அள்ளிக்கொண்டு போகிறது. ஒரு போர்வை மட்டும் கேட்டு வாங்குங்கள், விடிகாலையில் குளிர்கிறது. நம் ஆட்களுக்கு முக்கியமான தகவல்: டாய்லெட்டில் ஹேண்ட் ஷவர் இருக்கிறது. கழிவு எங்கே போகிறது என்று கேட்டேன், சிரித்தார்கள். பூங்கா முழுக்க "கடலைக் காப்போம்" பலகை.

சரி, பாய் கதைக்கு வருகிறேன். இந்தப் படகு வகைக்குப் பினிசி என்று பெயர். உண்மையில் பினிசி என்பது பாய் கட்டும் முறையின் பெயர், இரண்டு பாய்மரம், ஏழு பாய். தெற்கு சுலவேசியில் கடற்கரை ஊர்களில் இன்றும் கையால் கட்டுகிறார்கள், முதலில் விலா எலும்பு மாதிரி சட்டம் நிறுத்திப் பலகை அடிப்பதில்லை, பலகைகளை ஒன்றோடு ஒன்று மர ஆணியால் கோத்து உடலை எழுப்பிவிட்டு அப்புறம்தான் உள்ளே சட்டம் வைப்பார்கள். 2017இல் இந்தக் கட்டுமானக் கலையை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. இதையெல்லாம் படித்துவிட்டுப் போனதால்தான் எனக்கு வயிற்றெரிச்சல். எங்கள் கேப்டனே சுலவேசிக்காரர். ஏன் பாய் விரிப்பதில்லை என்று கைடை வைத்துக் கேட்டேன். பாய்க்கு ஆள் வேண்டும், காற்று வேண்டும், நேரம் வேண்டும், உங்களுக்கு மூன்று நாளில் ஒன்பது இடம் பார்க்க வேண்டும் என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பத்து நிமிடம் பாய் விரித்தபோது அந்த மனிதர் சுக்கானை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு அணியத்துக்கு, அதாவது படகின் முன்பக்கத்துக்குப் போய் நின்று பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரோன் இறங்கியதும் சுருட்டச் சொல்லிவிட்டார்.

சாப்பாட்டில் குறையே இல்லை. ஒரு அடுப்பு, ஆள் திரும்ப இடமில்லாத சமையலறை, அதிலிருந்து 14 பேருக்கு மூன்று வேளையும் சூடாக வந்தது. வறுத்த மீன், சோறு, வெள்ளரிக்காய், டெம்பே. டெம்பே என்பது முழு சோயாவைப் புளிக்கவைத்து அடை மாதிரி ஆக்கி வறுப்பது, முதல் வாய் பிடிக்காது, இரண்டாம் நாள் தேடும். எங்களில் மனைவி மட்டும் சைவம், அவளுக்குத்தான் கவனம் தேவைப்பட்டது. சம்பல் பார்க்க நம் மிளகாய்ச் சட்னி மாதிரி இருக்கும், அதில் தெராசி என்ற இறால் விழுது சேர்ப்பார்கள். அப்பளம் என்று நினைத்து எடுத்தால் அதிலும் இறால். "மீன் வேண்டாம்" என்று சொன்னால் போதாது, தெராசி வேண்டாம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்ட பிறகு சமையல்காரர் அவளுக்கென்று தனியாகத் தக்காளி, மிளகாய் மட்டும் வைத்து அரைத்துக் கொடுத்தார். பதிலுக்கு அவள் பருப்புப் பொடி டப்பாவைத் திறந்து காட்ட, அவர் ஒரு விரல் தொட்டுப் பார்த்துவிட்டு டப்பாவை மூடவே இல்லை. நாலு மணிக்கு வாழைப்பழ பஜ்ஜி, கூடவே ஃபுளோரஸ் காபி. வடிகட்ட மாட்டார்கள், தூளைக் கிளாஸிலேயே போட்டு வெந்நீர் ஊற்றுவார்கள், அடியில் இரண்டு விரல் மண்டி நிற்கும், கடைசி வாய் குடித்துவிடாதீர்கள். நான் குடித்தேன்.

முதல் நாள் மதியம் ஒரு சின்னத் தீவின் ஓரத்தில் நீரில் இறங்கச் சொன்னார்கள். எனக்கு மாஸ்க் போட்ட ஐந்தாவது நிமிடத்தில் மூக்கு வரை தண்ணீர். கழற்றி ஊற்றிவிட்டுப் போட்டால் மறுபடி தண்ணீர். மாஸ்க்கை மாற்றினேன், பட்டையை இறுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. கைடு நீந்தி வந்து என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் மேலுதட்டைத் தொட்டுக் காட்டினார். மீசை! ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்ட வேண்டும், நடுவில் மயிர் இருந்தால் அதன் வழியாக நீர் கசியும். மூக்குக்கு அடியில் ஒரு கோடு மழிக்க வேண்டும், இல்லை வாசலின் தடவ வேண்டும். வாசலின் தடவினேன். மழிப்பதா, இருபத்திரண்டு வருட மீசை. தமிழில் இந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய யாரும் இதைச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்: ஒரு சின்ன வாசலின் டப்பா.

அன்று மாலை கலோங் தீவுக்கு எதிரே நங்கூரம். கலோங் என்றால் பழந்தின்னி வௌவால். அலையாத்திக் காடு மட்டுமே இருக்கிற தீவு, பகல் முழுக்க அங்கே தொங்கிக்கொண்டிருக்கும், இருட்டத் தொடங்கியதும் ஆயிரக்கணக்கில் எழும்பி ஃபுளோரஸ் பக்கம் இரை தேடிப் போகும். அரை மணி நேரம் தலைக்கு மேல் போய்க்கொண்டே இருந்தது. சத்தமே இல்லை. சத்தமெல்லாம் சுற்றி நின்ற இருபது படகுகளின் ஜெனரேட்டரிலிருந்துதான்.

இரண்டாம் நாள் விடிகாலை படார் தீவு. 800 படிக்கு மேல் ஏற வேண்டும், உச்சியிலிருந்து மூன்று குடா தெரியும், மூன்றிலும் மணல் வேறு நிறம். எல்லோரும் போடுகிற அதே படம்தான், நேரில் இன்னும் நன்றாக இருக்கிறது, முட்டி வலி உள்ளவர்கள் பாதியில் நின்றாலும் முக்கால்வாசி தெரியும். இளஞ்சிவப்புக் கடற்கரை உண்மையிலேயே இளஞ்சிவப்புதான், ஆனால் படத்தில் காட்டுகிற அளவு இல்லை. சிவப்பு ஓடுள்ள நுண்ணுயிர்கள் நொறுங்கி வெள்ளை மணலோடு கலந்திருப்பதால் வரும் நிறம், அலை நனைத்த இடத்தில்தான் தூக்கலாகத் தெரியும்.

கொமோடோ தீவில் அந்த உடும்புகள். டிராகன் என்று உலகம் சொல்லட்டும், நம் கண்ணுக்கு அது உடும்புதான், உடும்புக்குப் பெரியப்பா. மூன்று மீட்டர் வரை வளரும். அறிவியல் உலகத்துக்கு 1912இல்தான் தெரிய வந்தது. உள்ளூரில் ஓரா என்கிறார்கள். ஒரு தாய்க்கு இரட்டைப் பிள்ளை, ஒன்று மனிதக் குழந்தை, இன்னொன்று ஓரா, ஆகவே கூடப்பிறந்ததை அடிக்கக் கூடாது என்பது அந்தத் தீவுக்காரர்களின் கதை. நுனியில் கவை உள்ள ஒரு கம்போடு வனக்காவலர் கூடவே வருவார், அந்தக் கம்புதான் நமக்குப் பாதுகாப்பு. நாங்கள் பார்த்தவை நிழலில் படுத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் எழுந்து, நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டு, எங்களைச் சட்டை செய்யாமல் குறுக்கே நடந்து போனது. அது காலடி எடுத்து வைக்கும்போது தோள் எலும்பு தோலுக்கு அடியில் ஏறி இறங்குவது தெரிந்தது. மச்சினன் வீடியோ எடுக்க மறந்துவிட்டான். 2021இல் இதை அழியும் அபாயத்தில் உள்ள இனமாக மாற்றிவிட்டார்கள், கடல் மட்டம் ஏறினால் அவை வாழும் தாழ்நிலம் போய்விடும் என்பது ஒரு காரணம்.

இனி காசு எதற்குக் கொடுத்தேனோ அதற்கு வருகிறேன்.

அட்டவணைப்படி மான்டா என்ற பெரிய திருக்கை மீனைப் பார்ப்பது மதியம் பன்னிரண்டுக்கு. கைடு காலையிலேயே கேப்டனிடம் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார். பிறகு எங்களிடம் வந்து, நேரம் மாறுகிறது, மணல்திட்டை அப்புறம் பார்த்துக்கொள்வோம், இப்போதே நேராகத் திருக்கைப் பாறைக்குப் போகிறோம் என்றார். ஒரு ஆஸ்திரேலியர் முகம் சுளித்தார். ஆனால் கைடு சொன்ன காரணம் நியாயமானது. பௌர்ணமி முடிந்து இரண்டு நாள், நீவாடு கடுமையாக இருக்கும் நேரம். தூத்துக்குடிப் பக்கம் கடலோடிகள் நீவாடு என்று சொல்வதைத்தான் நான் சொல்கிறேன், நீரோட்டம். இந்தத் தீவுகளுக்கு வடக்கே பசிபிக்கிலிருந்து வரும் நீர், தெற்கே இந்தியப் பெருங்கடல், பசிபிக் பக்கம் கடல் மட்டம் கொஞ்சம் உயரம், ஆக நீர் இந்தச் சந்துகள் வழியாகத்தான் பாய வேண்டும், அதோடு கடல் தினமும் ஏறி இறங்கும் ஏற்றவற்றமும் சேர்ந்தால் சில இடத்தில் ஆறு மாதிரி ஓடும், மேலே சுழி தெரியும். தெற்கிலிருந்து குளிர்ந்த நீர் சத்துகளோடு மேலே வருகிறது, அதில் மிதவை உயிர்கள் பெருகும், அதைத் தின்னத் திருக்கை வரும். நீவாடு இல்லையென்றால் திருக்கை இல்லை, ரொம்ப இருந்தால் நாம் இல்லை. நடுவில் ஒரு இடைவெளி. அதைக் கணக்குப் போடத் தெரிந்த ஆள் கூட இருந்தால் பார்ப்பீர்கள், இல்லையென்றால் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

மனைவிக்கு நீச்சல் தெரியாது. படகில் உட்கார்ந்தே பார்க்கிறேன் என்று முதல் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கைடு ஒரு மிதவை வளையத்தில் கயிறு கட்டி, அவளுக்கு லைஃப் ஜாக்கெட்டும் மாட்டி, வளையத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் நீரில் வைத்தால் போதும், இழுப்பது என் வேலை என்றார். சின்னப் படகில் எங்களை ஓட்டத்துக்கு மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள், நீந்தவே வேண்டாம், நீர் தள்ளிக்கொண்டு போகும், கீழே போய் அதே படகு பொறுக்கிக்கொள்ளும்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. கீழே உடைந்த பவளத் துண்டுகளும் மணலும் வேகமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன, பேருந்து ஜன்னலில் இருந்து ரோட்டைப் பார்ப்பது போல. அப்புறம் தூரத்தில் தரையில் ஒரு நிழல். நிழல் என்றுதான் நினைத்தேன். அது எழும்பியது. எங்கள் வீட்டு வாசல் கதவு இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த அகலம் இருக்கும். வாயை முழுக்கத் திறந்துகொண்டு நேராக வந்தது, உள்ளே செவுள் வரிசை வரிசையாகத் தெரிந்தது, தொண்டைக்குள் வெளிச்சம். நீந்திப் போகும்போது தலையில் உள்ள இரண்டு மடலைக் கொம்பு மாதிரி சுருட்டி வைத்துக்கொள்ளும், தின்னும்போது அதையே விரித்து நீரை வாய்க்குள் தள்ளும். எனக்கு ஒரு கை நீளத்துக்கு முன்னால் ஒரு சிறகை மட்டும் லேசாகத் தூக்கி, அடியில் சறுக்கிப் போய்விட்டது. வாலில் முள் கிடையாது, நம் கரைத் திருக்கை மாதிரி கொட்டாது. வயிற்றில் கரும்புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு, அதைப் படம் எடுத்து வைத்துத்தான் எது எது என்று அடையாளம் காண்கிறார்கள், நம் கைரேகை மாதிரி.

நான் தூத்துக்குடியில் ஏலக் கூடத்தில் கொம்புத் திருக்கை பார்த்திருக்கிறேன். சிமென்ட் தரையில், மடிந்து, ஈ மொய்த்துக்கொண்டு. அதே இனக்கூட்டம் தண்ணீருக்குள் இப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இந்தோனேசியா 2014இல் தன் கடல் முழுவதிலும் மான்டா பிடிப்பதைத் தடை செய்தது. சுமார் ஒரு வருடம் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி போடும் உயிர், பிடித்துக்கொண்டே இருந்தால் ஈடு கட்டவே முடியாது.

மொத்தம் ஆறு பார்த்தோம். ஏழு என்கிறான் மச்சினன். மனைவி வளையத்தைப் பிடித்தபடி ஸ்நார்க்கெல் குழாய் வழியாகவே ஏதோ கத்திக்கொண்டிருந்தாள், மேலே வந்ததும் என்ன சொன்னாய் என்று கேட்டேன், "என்னங்க, உங்களைத்தான் கூப்பிட்டேன், உங்களுக்கு நேர் கீழே ஒண்ணு இருந்துச்சு, நீங்க வேற பக்கம் பாத்துக்கிட்டு இருந்தீங்க" என்றாள்.

இதைக் கெடுத்தது மற்றப் படகுகள். நாங்கள் இறங்கியபோது இரண்டு படகு, கால் மணியில் எட்டு. ஒரு படகிலிருந்து பத்துப் பேர் ஒரு திருக்கையின் நேர் மேலே குதித்தார்கள், கைப்பிடிக் கேமராவோடு துரத்தினார்கள், அது ஒரே வெட்டில் ஆழத்துக்குப் போய்விட்டது. எங்கள் கைடு கடுமையான ஆள். தொடாதே, மேலே போகாதே, பின்னால் துரத்தாதே, சும்மா மித, அதுவே வரும் என்று ஏறும்போதே சொல்லியிருந்தார், அது அப்படியே நடந்தது. மூன்றாம் நாள் சியாபா தீவில் பேராமைகள் கடற்புல் மேய்ந்துகொண்டிருந்த இடத்திலும் இதே கதை. வேறு படகுக்காரர் ஒருவர் ஆமையின் ஓட்டைப் பிடிக்கப் போக, எங்கள் கைடு நீந்திப் போய்க் கையைத் தட்டிவிட்டு வந்தார். ஆமை மூச்சுக்கு மேலே வந்து, தலையைத் தூக்கி ஒரு முறை ஊதிவிட்டு, மறுபடி அதே புல்லுக்கே இறங்கியது. நாங்கள் அசையாமல் இருந்ததால் அரை மணி நேரம் எங்களுக்கு அடியிலேயே மேய்ந்தது.

பவளமும் எல்லா இடத்திலும் நன்றாக இல்லை. சில இடத்தில் தோட்டம் மாதிரி, சில இடத்தில் வெறும் உடைசல் குவியல். ஒரு காலத்தில் இங்கே வெடி வைத்து மீன் பிடித்திருக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேற்குப் பருவக்காற்று, கடல் மோசம், துறையிலிருந்து படகுகளை விடாமல் நிறுத்தி வைப்பதும் உண்டு, மலிவாகக் கிடைக்கிறது என்று அப்போது போகாதீர்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் ஒரே நாளில் போய் வரும் ஸ்பீட் போட் மேல், கொஞ்சம் குலுக்கும், ஆனால் ராத்திரி ஓட்டலில் படுக்கலாம். குமட்டலுக்கு மாத்திரை படகு கிளம்பும் முன்பே போட வேண்டும், கிளம்பிய பிறகு போட்டு மச்சினன் பட்ட பாட்டை எழுதினால் அவன் என்னோடு பேச மாட்டான். ஏஜென்டிடம் பாய் எத்தனை, ஏசி உண்டா என்று கேட்காதீர்கள். மொத்தம் எத்தனை பேர், தண்ணீரில் இறங்க எத்தனை கைடு, நீச்சல் தெரியாதவருக்கு என்ன ஏற்பாடு, லைஃப் ஜாக்கெட் ஆளுக்கொன்று இருக்கிறதா, திருக்கை இடத்துக்குப் போகும் நேரத்தை யார் முடிவு செய்வார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "அட்டவணைப்படி" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் ஆகியும் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் ஐந்து நட்சத்திரம் கேட்டுக்கொண்டிருக்கிறார். கைடுக்கு மட்டும் தனியாகப் போட வழி இருந்தால் ஐந்தும் போட்டுவிடுவேன். படகுக்கு இரண்டு, அதிலும் ஒன்று சமையல்காரருக்கு. பருப்புப் பொடி டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.